காட்டுவதும் காணச் செய்வதும்

கரும்பலகை இருந்த இடத்தில் இன்று ஒளித்திரை வந்து நிற்கின்றது. ஓவியம், ஒலி, எழுத்து, அசையும் படம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே இணைத்துத் தரும் பல்லூடகக் கருவிகள் நம் பள்ளிகள் பலவற்றில் நிலைபெற்றுவிட்டன. தமிழகப் பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு முதல் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டு வருகின்றன. கைப்பேசியை அதன்மேல் பிடித்தால் பாடம் படமாய் விரிகின்றது. 2019ஆம் ஆண்டில் அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலும் விவிலிய நிகழ்ச்சிகளைத் திரையில் காட்டும் வழக்கம் வேரூன்றி வருகின்றது.

இவற்றால் கற்பித்தல் சிறக்கின்றதா என்று கல்வியாளர் வினவுகின்றனர். அவ்வினாவின் அடியில் வேறொரு வினா மறைந்து கிடக்கின்றது. கற்பித்தல் என்பதுதான் என்ன? ஒருவர் அறிந்ததை எடுத்து மற்றொருவர் உள்ளத்தில் வைத்துவிட இயலுமா? இதற்கு விடை தேடாமல் கருவியை விரைந்து வாங்குவதும் சரியன்று. வெறுத்து ஒதுக்குவதும் சரியன்று.

படத்திற்கு அஞ்சாத மரபு

கத்தோலிக்க மரபு படத்தைக் கண்டு அஞ்சியதில்லை. கி.பி. 600ஆம் ஆண்டளவில் மார்செய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வழிபடுவதாகக் கருதித் தம் ஆலயங்களில் இருந்த உருவங்களை உடைத்தெறிந்தார். திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவருக்கு எழுதிய மடல்களில், வழிபடுவதைத் தடுத்தது நன்று, உடைத்தது தவறு எனக் கடிந்துகொண்டார். எழுத்தறிந்தவருக்கு நூல் எதுவோ, எழுத்தறியாதவருக்கு ஓவியம் அது என்பது அவர் தந்த விளக்கம். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தபோது, அச்சு இயந்திரம் அந்நாளைய புதுக் கருவியே. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963ஆம் ஆண்டிலேயே சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆணையொன்றை வெளியிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் ஆண்டவரே காட்டிக் கற்பித்தவர். வரியைப் பற்றி வினவியவர்களிடம் நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார். விண்ணரசில் பெரியவர் யாரென்று கேட்ட சீடர் நடுவே ஒரு குழந்தையை நிறுத்தினார். ஆனால், நாணயத்தைக் காட்டிய அவர் உடனே விடை கூறவில்லை. அதிலுள்ள உருவம் யாருடையது என்று கேட்டார். காட்சியை வினாவாக்கி, விடையைக் கேட்பவர் வாயிலிருந்தே வரச்செய்தார். நம் சிந்தனைக்கு இது திறவுகோலாகும்.

அகுஸ்தினாரின் கேள்வி

கி.பி. 389ஆம் ஆண்டளவில் புனித அகுஸ்தினார், தம் மகன் அதேயோதாத்துசுடன் நிகழ்த்திய உரையாடலாக ‘ஆசிரியர்’ என்னும் சிறுநூலை எழுதினார். சொற்கள் அனைத்தும் குறிகளே. குறி எதையேனும் சுட்டலாம். சுட்டப்படுவதைக் காணும் செயலைக் கேட்பவனே செய்தாக வேண்டும். ஆசிரியர் என்ன நினைக்கின்றார் என்று தெரிந்துகொள்வதற்காக எந்தத் தந்தையும் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்கிறார் அவர். ஆசிரியரின் சொல்லைக் கேட்ட மாணவன், அது உண்மையா என்று தன் உள்ளொளியில் ஆராய்ந்து அறிகின்றான். உள்ளிருந்து ஒளி தரும் அந்த ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அந்நூலின் முடிவு.

பின்னாளில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதே பொருளை ஆய்ந்து, வெளியிலுள்ள ஆசிரியருக்கும் உரிய இடம் தந்தார். மருத்துவர் நோயாளிக்கு நலத்தை உண்டாக்குவதில்லை. உடலில் இயல்பாயுள்ள ஆற்றல் நலம் பெற முயல, அதற்குத் துணை நிற்கின்றார். அதுபோல ஆசிரியரும் மாணவனின் அறிவாற்றலுக்குத் துணைவராகின்றார்.

இவ்விருவரும் ஒளித்திரையை அறியார். ஆயினும் அவர்கள் கூறியது அதற்கும் பொருந்தும். திரையில் ஓடும் படமும் ஒரு குறியே. சொல்லைவிடத் தெளிவான, கவர்ச்சியான குறி, ஆயினும் குறியே. காட்டுவது கருவியால் இயலும்; காண்பது குழந்தை ஒன்றாலேயே இயலும்.

நிலவு தரும் பாடம்

எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். நிலவு ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது? பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதால்தான் என்று பல குழந்தைகள் எண்ணுகின்றனர். படித்த பெரியவர் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். உண்மையில், நிலவின் ஒரு பாதி எந்நேரமும் கதிரொளி பெற்றே இருக்கின்றது. அது பூமியைச் சுற்றி வருவதால், ஒளிபெற்ற பாதியில் நமக்குப் புலப்படும் பங்கு நாளுக்கு நாள் மாறுகின்றது. பூமியின் நிழல் விழுவது நிலவு மறைப்பின்போது மட்டுமே.

இதை விளக்கும் அசைவுப்படம் இரண்டே நிமிடங்களில் முடிந்துவிடும். வகுப்பு முழுவதும் புரிந்தது என்று தலையசைக்கும். எனினும் அந்தப் படத்தில் ஒரு பொய் ஒளிந்திருக்கின்றது. நிலவு நம்மிடமிருந்து பூமியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு தொலைவில் உள்ளது. திரையிலோ பூமியை ஒட்டியே சுழல்கின்றது. அவ்வளவு அருகில் இருந்தால் நிழல் விழாமல் எப்படி இருக்கும் என்று குழந்தை எண்ணினால், அது குழந்தையின் குற்றமாகாது.

இனி, இருட்டறையில் விளக்கொன்றை ஏற்றி வைத்து, குழந்தையின் கையில் ஒரு வெள்ளைப் பந்தைத் தருவோம். கையை நீட்டி, பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்தபடி மெல்லச் சுற்றச் சொல்வோம். முதலில் பிறை தோன்றும், பின்னர் அரைநிலவு, விளக்குக்கு முதுகைக் காட்டும்போது முழுநிலவு. கையைச் சற்றே தாழ்த்தினால் தன் தலையின் நிழல் பந்தின்மேல் விழுவதைக் குழந்தை காணும். மறைப்பு வேறு, பிறை வேறு என்பதை எவரும் சொல்லாமலே அது கண்டுகொள்ளும். அதன்பின் ஒரு திங்கள் முழுவதும் மாடியிலோ முற்றத்திலோ நின்று வானத்து நிலவைப் பார்த்துக் குறித்து வரட்டும். மாலைப் பிறை மேற்கில் தோன்றுவதும், கதிரவன் மறையும் வேளையில் முழுநிலவு கிழக்கில் எழுவதும் அதற்கு மனப்பாடச் செய்தியாக இராது. தன் கண்ணால் கண்ட உண்மையாக இருக்கும். இவ்வளவும் ஆனபின் அந்த அசைவுப்படத்தைக் காட்டினால், படத்தின் பிழையைக் குழந்தையே சுட்டிக்காட்டும். அப்போது படம் அதற்கு எசமானாக இராது, பணியாளாக இருக்கும்.

இதனால் படம் வேண்டா என்பது பொருளன்று. இதயத்தின் தடுக்கிதழ்கள் திறந்து மூடுவதையும், உயிரணு இரண்டாகப் பிரிவதையும், எரிமலை குமுறுவதையும் சிற்றூர்ப் பள்ளியில் வேறெப்படிக் காட்டுவது? மிகச் சிறியவை, மிகப் பெரியவை, தொலைவிலுள்ளவை, அணுகினால் தீங்கு விளைப்பவை ஆகியவற்றுக்குப் பல்லூடகம் ஈடற்ற துணை. செவிப்புலன் குறைந்த குழந்தைக்குப் படமும், பார்வையற்ற குழந்தைக்கு ஒலியும் கல்வியின் வாயிலையே திறந்துவிடுகின்றன. ஆனால் ஈரப்பஞ்சில் நான்கு பயறுகளை இட்டுச் சில நாட்கள் காத்திருந்தால் முளைப்பதைக் காணலாம் என்றிருக்க, அதையும் திரையில் ஓட்டிக் காட்டுவது குழந்தையின் சொந்தக் காட்சியைப் பறிப்பதாகும். காத்திருக்கும் அந்த நாட்களும் பாடத்தின் பகுதியே.

கால்பங்கும் முழுமையும்

கற்கும் முறை பற்றி நன்னூல் தரும் கணக்கு இங்கு நினைக்கத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனத்தில் கொண்டாலும் மாணவன் பெறுவது கால்பங்கே. உடன் கற்பாரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போது நிறைகின்றது என்கிறார் பவணந்தியார். சிறந்த பல்லூடகப் பாடமும் முதல் கால்பங்கைத்தான் செம்மையாக்க முடியும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றால் முக்கால்பங்கு வெறுமையாகவே கிடக்கும். படத்தை இடையில் நிறுத்தி, ‘அடுத்து என்ன நிகழும்?’ என்று கேட்கும் ஆசிரியரும், ‘நீ கண்டதை உன் தோழனுக்குச் சொல்’ என்று பணிக்கும் ஆசிரியருமே அதை நிறைவு செய்கின்றனர்.

இக்கால ஆய்வுகளும் இதற்கு மாறுபடவில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2001இல் வெளியிட்ட ‘பல்லூடகக் கற்றல்’ என்னும் நூல், சொல் மட்டும் தருவதைவிடச் சொல்லும் படமும் சேர்ந்து தருவது நன்கு கற்கச் செய்கிறது என்று காட்டியது. தேவையற்ற இசையும் அலங்காரமும் சேர்ந்தால் கற்றல் குறைகிறது என்றும் அதே நூல் காட்டியது. விற்பனைக்கு வரும் பாடங்கள் பலவற்றில் பளபளப்பே மிகுந்திருப்பதை எண்ணினால், இதன் கருத்து விளங்கும்.

கவனம் என்னும் அறம்

இங்கு நாம் அறத்தின் எல்லைக்குள் வந்துவிட்டோம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் 1942இல் கத்தோலிக்க மாணவருக்கென எழுதிய கட்டுரையொன்றில், பள்ளிப் படிப்பின் உயர்ந்த பயன் கவனத்தைப் பயிற்றுவதே என்றார். கணக்கொன்றுக்கு விடை கிட்டாமல் போனாலும், அதில் செலுத்திய உண்மையான கவனம் வீணாவதில்லை. அதே கவனமே பின்பு இறைவேண்டலாகவும், துன்புறுவோரின் நிலையை உணரும் அன்பாகவும் மலர்கின்றது என்பது அவர் கருத்து. நொடிக்கு நொடி மாறும் காட்சிகள் கவனத்தை ஈர்க்கின்றன. ஆனால் ஈர்க்கப்படுவது வேறு, கவனம் செலுத்துவது வேறு. முன்னது நமக்கு நேர்வது. பின்னது நாம் செய்வது. நேர்வதற்கு மட்டுமே பழகிய உள்ளம், அசையாத நற்கருணைப் பேழையின்முன் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க இயலாமற் போவதில் வியப்பில்லை. நோயுற்ற பாட்டியின் மெதுவான பேச்சைக் கேட்கவும் அதற்குப் பொறுமை இராது.

கருவி ஆசிரியரை அகற்றிவிடும் என்ற எண்ணமும் பழையதே. நூல்கள் பள்ளிகளிலிருந்து விரைவில் மறைந்துவிடும், எல்லாவற்றையும் திரைப்படமே கற்பிக்கும் என்று எடிசன் 1913இல் கூறினார். நூற்றாண்டு கடந்தும் அது நிகழவில்லை. 2020இல் கொள்ளைநோய் பள்ளிகளை மூடியபோது திரையே வகுப்பறை ஆனது. கைப்பேசி இல்லாத குடில்களில் அதுவும் இல்லை. மறு ஆண்டே தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, குழந்தைகள் வாழும் இடங்களுக்கே தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. திரை எட்டாத இடத்திற்கும், எட்டியும் நிரம்பாத இடத்திற்கும் ஒரு மனித முகம் தேவைப்பட்டது.

குறிப்புகளை வாசித்து எழுதச் சொல்வதோடு பணி முடிந்தது என்றிருக்கும் ஆசிரியரைவிட நல்ல படம் மேலானது எனச் சிலர் கூறலாம். ஒப்புக்கொள்வோம். அத்தகைய ஆசிரியருக்கு மாற்று, குழந்தையின் பெயரை அறிந்த ஆசிரியரே. புரியாதபோது சுருங்கும் நெற்றியைத் திரை காணாது. காலையில் உண்ணாமல் வந்த பிள்ளையை அது அடையாளம் காணாது.

ஆகவே, நம் பள்ளிகளை நடத்துவோரும் பெற்றோரும் மூன்றை எண்ணிப் பார்த்தல் நலம். ஒளித்திரைக்கென வாங்கும் கட்டணம் ஏழைப் பிள்ளையை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றதா? கருவிக்குச் செலவிடும் நாம், ஆசிரியரின் பயிற்சிக்கும் ஊதியத்திற்கும் அதே மனத்தோடு செலவிடுகின்றோமா? மறைக்கல்வியில் இயேசுவின் வாழ்வைத் திரையில் கண்ட பிள்ளை, அவரைப் பற்றித் தன் சொற்களில் பேசவும், அவரோடு பேசவும் கற்றுக்கொண்டதா?

எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் இரு சீடரோடு நடந்தார், மறைநூலை விளக்கினார், அப்பத்தைப் பிட்டார். அவர்கள் கண்கள் திறந்த அதே நொடியில் அவர் அவர்கள் பார்வையிலிருந்து மறைந்தார். அவர்கள் அன்றிரவே எழுந்து எருசலேமுக்கு விரைந்து, கண்டதைப் பிறருக்கு அறிவித்தனர். கண்களைத் திறந்துவிட்டு விலகத் தெரிந்த படம் நல்ல படம். அவ்வாறு விலகத் தெரிந்தவரே நல்ல ஆசிரியர். நம் வகுப்பறையில் திரை அணைந்தபின் பிள்ளையின் உள்ளத்தில் ஏதேனும் எரிந்துகொண்டிருக்கின்றதா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.