கண்ணீருக்குக் காரணம் கேட்கலாமா?

பல ஆண்டுகளுக்கு முன்பு, மதரஸாவில் அணியிலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு காலை வேளை. 'முக்தஸருல் மஆனீ' கிதாபை விரித்து வைத்து, ஓர் அரபுக் கவிதையடியில் அமைந்த உருவகத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒப்பிடப்படுவது எது, ஒப்பாக நிற்பது எது, இரண்டையும் இணைக்கும் பொதுத்தன்மை எது என்று கூறுகூறாக விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், விளக்கம் கேட்பதற்கு முன்பு இந்த அடி என் நெஞ்சைத் தொட்டது. இப்போது தொடவில்லையே!" என்றார். வகுப்பு சிரித்தது. "பரீட்சையில் தொடும், உட்காருங்கள்" என்று நாமும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அன்று என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது அந்தக் கேள்வி மீண்டும் எதிரே வந்து நின்றது. அங்கே நாவலையும் நாடகத்தையும் வரிவரியாகப் படிப்பது போலவே திரைப்படத்தையும் காட்சிகாட்சியாகப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஜான் கோல்டன் என்னும் ஆசிரியர் இதற்கெனவே எழுதிய வழிகாட்டி நூலை அந்நாட்டு ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவை 2001இல் வெளியிட்டது. 'இருளில் வாசித்தல்' என்பது அதன் தலைப்பின் பொருள். திரையில் கூர்ந்து நோக்கப் பழகிய மாணவன் அதே பார்வையை அச்சுப் பக்கத்துக்கும் கொண்டுசெல்வான் என்பது அவர் வழி.

சினிமாவைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவதா என்று நம் வாசகர்களில் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பில் நமக்கும் பங்குண்டு. ஆனால், கொட்டகை வாசலோடு தடுத்து நிறுத்த முடிந்த காலம் போய்விட்டது. கைப்பேசி வழியே படம் நம் பிள்ளைகளின் தலையணை வரை வந்துவிட்டது. இனி, பார்க்கலாமா என்னும் வாதத்தோடு எப்படிப் பார்ப்பது என்னும் பாடமும் தேவையாகிறது.

அப்பாடத்தின் முதற்படியாகச் சொல்லப்படுவது ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920ஆம் ஆண்டை ஒட்டிச் செய்ததாகக் கூறப்படும் சோதனை. உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகம். அதனை அடுத்து ஒருமுறை சூப்புக் கிண்ணம், மற்றொரு முறை பிணப்பெட்டி. பார்த்தவர்கள் அந்த முகத்தில் முதலில் பசியைக் கண்டார்களாம், பிறகு துயரத்தைக் கண்டார்களாம். முகமோ ஒன்றே! இதைப் படித்தபோது நமக்கு வியப்பைவிடப் பழகிய வீட்டுக்குள் நுழைந்த உணர்வே மிகுந்தது. ஹிஜ்ரி 471இல் மறைந்த இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ தம்முடைய 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் விரித்துரைப்பதும் இதற்கு அண்மையானதே. சொல்லின் சிறப்பு அதன் தனிமையில் இல்லை, பிற சொற்களோடு அது கோக்கப்படும் ஒழுங்கில் இருக்கிறது என்பார் அவர். அந்த ஒழுங்குக்கு அவர் ஆண்ட பெயர் 'நள்ம்'.

கோப்பினால் பொருள் பிறக்கிறது என்றால், கோப்பினால் பொய்யும் பிறக்கும் அல்லவா? 1915இல் கிரிஃபித் எடுத்த 'தி பெர்த் ஆஃப் எ நேஷன்' அமெரிக்காவின் புகழ்பெற்ற ஊமைப்படம். அதன் இறுதிப் பகுதியில், ஒரு சிறு குடிலுக்குள் சிலர் முற்றுகையிடப்பட்டுத் தவிக்கிறார்கள். வெள்ளை அங்கி அணிந்த குதிரைவீரர்கள் காப்பாற்ற விரைகிறார்கள். குடில், குதிரை, மீண்டும் குடில், மீண்டும் குதிரை. பார்ப்பவன் நெஞ்சு 'சீக்கிரம் வாருங்கள்' என்று துடிக்கிறது. யாரைப் பார்த்து? கறுப்பின மக்களைக் கொன்று அச்சுறுத்திய கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரைப் பார்த்து! கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அப்படத்தை எதிர்த்துப் போராடியது. அழிந்து கிடந்த அந்தக் கூட்டம் அதே 1915ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் புத்துயிர் பெற்றது.

இங்கேதான் நமக்கு அறவியல் கேள்வி எழுகிறது. இருட்டில், நம்மைக் கேளாமலேயே நம்முள் எழுப்பப்பட்ட உணர்வுக்கு நாம் பொறுப்பாளிகளா? உள்ளத்தில் தோன்றுவதை நம் மார்க்க அறிஞர்கள் படிநிலைகளாகப் பகுத்திருக்கிறார்கள். சட்டென்று வந்து விழும் எண்ணம் ஒன்று, உள்ளே உலவும் எண்ணம் ஒன்று, உறுதிப்பட்டு நிற்கும் நாட்டம் ஒன்று. வந்து விழுந்ததற்கு மனிதன் கேள்வி கேட்கப்படுவதில்லை. உறுதிப்படுத்திக்கொண்டதற்குப் பொறுப்பு உண்டு என்பதே பலருடைய கருத்து. திரை எழுப்பும் துடிப்பு முதல்வகை. அது ஓசையின்றி மூன்றாம் வகையாக இறுகும் முன்பு, நடுவில் நின்று "இதை உன்னுள் வைத்தவர் யார்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். ஆசிரியரின் இடம் அதுவென்றே நமக்குப் படுகிறது.

ஆயினும் இந்தக் கல்வி எளிதில் கெட்டுப்போகக் கூடியது. கீழிருந்து காட்டினால் வலிமை, மேலிருந்து காட்டினால் சிறுமை என்று சூத்திரம் எழுதிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. 'அல்ஃபிய்யா'வை மனப்பாடம் செய்துவிட்டு ஒரு பக்கம் அரபு படிக்கத் தடுமாறுபவரின் நிலைதான் அது. ஹார்ப்பர் லீயின் நாவலை ஒட்டி 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' அந்தச் சூத்திரத்தை உடைத்துவிடும். செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்தவர் தண்டனை பெறுகிறார். அவருக்காக வாதாடித் தோற்ற வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸ் நீதிமன்றத்தைவிட்டு வெளியேறுகிறார். மாடத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் மௌனமாக எழுந்து நிற்கிறார்கள். மேலிருந்து பார்க்கிறோம், கீழே நடப்பவர் சிறிதாகத்தான் தெரிகிறார். ஆனால் சிறுமை எங்கே?

நல்ல ஆசிரியர் இக்காட்சியை முதலில் தடையின்றிப் பார்க்கவிடுவார். அழுபவன் அழட்டும். ஈரமே இல்லாத கண்ணுக்கு ஆராய்ச்சி எதைக் கற்பித்துவிடும்? அழாமலே குறிப்பெடுக்கப் பழகிய பிள்ளையை நினைத்தால் நமக்கு அச்சமாகவே இருக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கேள்விகள் வரவேண்டும்.

அதே படத்தில், டாம் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைச் சொல்ல அட்டிகஸ் அவர் வீட்டுக்குப் போகிறார். டாமின் மனைவி ஹெலன் சாய்ந்து விழுகிறாள், உள்ளே கொண்டுபோகிறார்கள். டாம் மீது பழி சுமத்திய யூவெல் அங்கேயே வந்து அட்டிகஸின் முகத்தில் உமிழ்கிறான். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொள்கிறார், காரிலிருந்து அவருடைய மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் நெஞ்சும் அந்த முகத்தோடு நின்றுவிடுகிறது. நாவலில் அவன் உமிழ்வது வேறொரு நாளில், தபால் நிலையத்து முனையில். இரண்டையும் ஒரே வாசலில் கோத்தவர்கள் படமெடுத்தவர்கள்.

அப்படிக் கோத்ததில் கெட்ட எண்ணம் இருந்ததாக நாம் சொல்லவில்லை. படமும் நல்ல படமே. ஆனால், ஒரு விதவைக்காகச் சுரந்த இரக்கம் அரைநிமிடத்தில் வேறொருவரின் அவமானத்துக்குத் திருப்பப்பட்டுவிட்டது, நாமும் அறியாமல் திரும்பிவிட்டோம். அன்றைய நம் மாணவர் இன்று வந்து கேட்டால், சிரிக்காமல் இந்தக் காட்சியை விவரித்து, "அந்த வீட்டுக்குள் கொண்டுபோகப்பட்ட பெண் என்ன ஆனாள் என்று முதல் முறை பார்த்தபோது நீங்கள் கேட்டீர்களா?" என்று அவரிடமே கேட்போம்.