எங்கே தேடினாய் என்று கேள்!

புரோகிராமை ஓட்டுகிறாய். 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று எரர் வருகிறது. உடனே நீ ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறாய்: 'தமிழ்வழியில் படித்தவன்தானே நான், இதெல்லாம் எனக்கு வராது.' கண்ணு, அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடு! அந்த எரர் உன் அறிவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. 'எனக்குத் தெரிந்த இடங்களில் தேடினேன், காணோம்' என்கிறது. அவ்வளவுதான்.

2021 முதல் பொறியியல் சேர்க்கையில் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் உண்டு. அந்தியூரிலிருந்தும் ஆனைமலையிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கோவைக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்களே, லேபில் கடைசி வரிசைக்கு ஏன் ஒதுங்குகிறீர்கள்? முன்னால் வாருங்கள்!

கம்பைலர் யோசிப்பதில்லை. அதனிடம் இருப்பது தேடும் இடங்களின் ஒரு வரிசை. சி மொழியில் ஹெடர் ஃபைலின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், ஜிசிசி கம்பைலர் முதலில் உன் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் தேடும். கோணக்குறிக்குள் எழுதினால் அந்த இடத்தைத் தாண்டிவிடும். 'மைனஸ் ஐ' போட்டு நீ காட்டிய ஃபோல்டர்களுக்குப் போகும், அதன்பிறகே கணினியின் பொது ஃபோல்டர்களுக்கு. ஹெடர் கிடைத்தும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரென்ஸ்' வருகிறதா? அது லிங்கரின் குரல். அறிவிப்பு கிடைத்தது, உடம்பு கிடைக்கவில்லை. லைப்ரரி எது, எங்கே என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தேகமா? கம்பைல் செய்யும்போது 'மைனஸ் வி' சேர்த்துப் பார். தேடும் இடங்களை வரிசையாக ஒப்பிக்கும். இயந்திரத்தையே குறுக்கு விசாரணை செய்யும் அதிகாரம் உன் கையில் இருக்கிறது!

பைத்தானில் ஒரு ஃபைலை நேரே ஓட்டினால், அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர்தான் தேடலின் முதல் இடம். பயிற்சிக்காக நீ எழுதிய ஃபைலுக்கு 'ரேண்டம்' என்றே பெயர் வைத்தால், பைத்தானோடு வந்த ரேண்டம் மாட்யூல் பின்னால் நிற்க, உன்னுடையதே உள்ளே போகும். கேட்ட ஃபங்ஷன் அதில் இருக்காது. உலகம் முழுக்க எத்தனை பேர் இங்கே விழுந்திருப்பார்கள், யோசி! 2024-இல் வந்த பைத்தான் 3.13-இல், 'உன் ஃபைலின் பெயரை மாற்றிப் பார்' என்று எரரே யோசனை சொல்லும்படி செய்துவிட்டார்கள்.

பெரிய நிறுவனங்கள் மட்டும் தப்பினவா? 2021-இல் வெளியான ஒரு சோதனையில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பெயரிலேயே பொதுக் களஞ்சியத்தில் பேக்கேஜ்களை ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவருடைய நிரல் ஓடியது. ஒரே பெயர், தவறான தேடல் வரிசை. அவர்கள் யாரும் கணினியை மூடிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறவில்லை!

பெயர் மோதலைத் தீர்ப்பது நமக்குப் புதிதா? வேலாயுதம்பாளையம் என்றால் 'எந்த வேலாயுதம்பாளையம், கரூர்ப் பக்கமா, அவிநாசிப் பக்கமா' என்று கேட்டு வளர்ந்தவன் நீ. சி பிளஸ் பிளஸின் நேம்ஸ்பேஸும் ஜாவாவின் பேக்கேஜும் கேட்பது அதே கேள்விதான்.

இப்போது உனக்கே உரிய ஓர் இடத்துக்கு வா. பைத்தான் 3-இல் மாட்யூலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'கொங்கு' என்று வை. அந்த 'கொ'வின் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்குள் உள்ள பெயரைப் பைத்தான் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆனால் லினக்ஸ் ஃபைலின் பெயரைத் தொடாது. ஃபைல் இரண்டு குறியெண் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால், கண்முன்னே இருக்கும் 'கொங்கு' பைத்தானுக்குக் கிடைக்காது! இந்தக் கோளாறில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் 'கொ' என்று யாருக்குத் தோன்றும்? ஒற்றைக்கொம்பும் காலும் போட்டு எழுதிப் பழகிய உனக்குத்தான் தோன்றும். எந்தத் தமிழ்வழியைக் குறை என்று நினைத்தாயோ, அதுதான் அங்கே உன் ஆயுதம்!

நாளைக்கு லேபில் முதல் வரிசையில் உட்கார். பைத்தான் தேடும் பாதைகளின் பட்டியலை அச்சிடு. மாட்யூல் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று அதையே கேள். பதில் வந்ததும், பக்கத்தில் விழித்துக்கொண்டிருக்கும் தோழனின் கணினியிலும் அதைக் கேட்டுக் காட்டு.