வேருக்கு நோக்கம் உண்டா?

அமில மண்ணில் பயிரின் வளர்ச்சியை முடக்குவது பெரும்பாலும் அமிலம் அன்று, அலுமினியம். களிமண் கனிமங்களில் கட்டுண்டு கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. மண்ணின் பிஎச் அளவு 5-க்குக் கீழே இறங்கினால் அது கரைந்து மண்நீரில் கலக்கிறது. வேர்நுனியின் சில மில்லிமீட்டர் பகுதியைத் தாக்கி, சில மணி நேரத்துக்குள் வேர் நீள்வதை நிறுத்திவிடுகிறது. வேர் குட்டையாகித் தடிக்கிறது. ஆழத்து ஈரமும் பாஸ்பரசும் எட்டாமல் பயிர் நலிகிறது. மழை மிகுந்த வெப்பமண்டலங்களில் கால்சியமும் மெக்னீசியமும் காலங்காலமாகக் கரைந்தோடிய பின் எஞ்சிய செம்மண் நிலங்கள் பலவும் இத்தகையவை. உலகில் பனி மூடாத நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் அமில மண்.

இந்த நிலங்களிலும் செழிக்கும் தாவரங்கள் உண்டு. சில கோதுமை ரகங்களின் வேர்நுனி மாலேட் என்ற கரிமப் பொருளை வெளியிடுகிறது. சில சோள ரகங்கள் சிட்ரேட்டை வெளியிடுகின்றன. இவை அலுமினியத்தோடு பிணைந்து அதன் நஞ்சை முறிக்கின்றன. நெல் அலுமினியத்தின் ஒரு பகுதியைச் செல்லுக்குள் வாங்கி, தீங்கு செய்யாதபடி தனியறையில் ஒதுக்கிவைக்கிறது. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் அமில மண்ணில் வளரும் தேயிலை, அலுமினியத்தை முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைக்கிறது. சிறிதளவு அலுமினியம் அதன் வேர் வளர்ச்சியைத் தூண்டவும் செய்கிறது.

வேர் தன்னைக் காத்துக்கொள்வதற்காக மாலேட்டை வெளியிடுகிறது என்று வேளாண் நூல்கள் இதை விளக்குவது வழக்கம். அங்கேதான் மெய்யியல் கேள்வி எழுகிறது. மூளையோ நரம்போ இல்லாத வேருக்கு நோக்கம் எப்படி வரும்? நோக்கமே இல்லையென்றால் இவ்வளவு பொருத்தம் எங்கிருந்து வந்தது? புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு மட்டுமுள்ள ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அந்த உணர்வை ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீராது. நஞ்சு பட்டதை உணர்வது வேறு. அதற்கு இன்னது செய்யவேண்டும் என்று எண்ணுவது வேறு.

அரிஸ்டாட்டில் இதே கேள்விக்கு வேரையே சான்றாகக் காட்டினார். தாவரங்கள் வேரை மேலே விடாமல் கீழே விடுவது உணவுக்காக என்றார். அந்த நோக்கம் இயற்கைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆலோசனையோ திட்டமிடலோ தேவையில்லை என்பது அவர் கருத்து. சாங்கியமும் இதற்கு அருகில் வருகிறது. அறிவற்ற பால் கன்றின் வளர்ச்சிக்காகச் சுரப்பதுபோல, அறிவற்ற பிரகிருதி, அதாவது மூல இயற்கை, புருஷன் எனப்படும் உயிரின் விடுதலைக்காக இயங்குகிறது என்பது சாங்கியகாரிகையின் வாதம். இதைச் சங்கரர் பிரம்மசூத்திர உரையில் மறுத்தார். பால் தானாகச் சுரப்பதில்லை; அறிவுள்ள பசுவின் அன்பும் கன்று ஊட்டுவதும் சேர்ந்தே அதைச் சுரக்கச் செய்கின்றன என்றார். சைவ சித்தாந்தமும் சடப்பொருள் தானே இயங்காது என்று கொள்வது. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு வினைமுதல் வேண்டும் என்பதிலிருந்தே 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைத் தொடங்கினார். இமானுவேல் கான்ட் 1790-இல், ஒரு புல்லின் தோற்றத்தை நோக்கம் கலவாத விதிகளால் விளக்கும் நியூட்டன் ஒருவர் வருவார் என எதிர்பார்ப்பதே பொருந்தாது என்று எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில், 1859-இல், டார்வின் வேறொரு விடையைத் தந்தார். உயிர்களிடையே வேறுபாடுகள் எழுகின்றன. அவற்றுள் பிழைப்புக்கு உதவுபவை அதிகச் சந்ததிகளில் எஞ்சுகின்றன. இந்த விடையை மெய்யியல் மொழியில் 1973-இல் லாரி ரைட் செப்பமிட்டார். ஓர் உறுப்பு ஒன்றைச் செய்கிறது. அதைச் செய்ததாலேயே அந்த உறுப்பு இன்று இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் அதுவே அந்த உறுப்பின் பணி. இதன்படி நோக்கம் என்பது எதிர்காலத்தைப் பற்றிய எண்ணம் அன்று. கடந்தகாலத் தேர்வின் வரலாறு. அமில மண்ணின் பயிர்கள் இந்தக் கருத்தை உரசிப் பார்க்க நல்ல களம்.

முதலில் கோதுமை. மாலேட்டை வெளியிடும் புரதம் வேர்ச்செல்லின் சவ்வில் ஒரு கால்வாயாக அமைந்திருக்கிறது. அதைத் திறக்கச் செய்வது அலுமினியமே. நஞ்சு வந்து படுவதுதான் நஞ்சுமுறிப்பான் வெளிவரக் காரணமாகிறது. மற்றபடி ஏறத்தாழ ஒன்றேபோன்ற இரு கோதுமை வரிசைகளை 1993-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, தாங்கும் வரிசையின் வேர்நுனி 5 முதல் 10 மடங்கு கூடுதலாக மாலேட்டை வெளியிட்டது. அதற்குரிய மரபணு 2004-இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் அந்தத் தாங்குதிறன் வந்தது கராசின்யு என்ற பிரேசில் ரகத்திலிருந்து. அமில நிலத்தில் கருகாமல் நின்ற பயிரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மனத்தில் இருந்தது விளைச்சல். மாலேட்டை அவர்கள் அறியார். எனவே மனித நோக்கம் குறுக்கிட்ட இடத்திலும்கூட, வேரின் பணி அந்த நோக்கத்தின் நகல் அன்று.

இரண்டாவது பார்லி. அதில் ஒரு புரதம் வேருக்குள்ளே சிட்ரேட்டை வெளியிட்டு, இரும்புச்சத்து தண்டுக்கு ஏறத் துணைசெய்து வந்தது. கிழக்காசியப் பார்லி வகைகள் சிலவற்றில் அந்த மரபணுவுக்கு முன்னே சுமார் ஆயிரம் எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டது. அதன்பின் அதே புரதம் வேர்நுனியிலும் உருவாகி, சிட்ரேட்டை மண்ணுக்குள் வெளியிடலாயிற்று. செருகல் எந்தத் தேவையையும் கருதி நிகழவில்லை; அமில மண்ணில் அது நிலைபெற்றதற்குத்தான் காரணம் உண்டு. தோற்றத்துக்கு நோக்கம் இல்லாதிருந்தும் நிலைபேற்றுக்குக் காரணம் இருக்கலாம். சங்கரருக்கும் சாங்கியத்துக்கும் இடையிலான வழக்கில் விடுபட்டிருந்த மூன்றாவது வழி இது.

மூன்றாவது, பிராக்கியாரியா என்ற தீவனப் புல். கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, பிரேசிலின் செராடோ சமவெளியில் இன்று பல கோடி ஹெக்டேரில் மேய்ச்சல் புல்லாக நிற்கிறது. அமில மண்ணுக்கு அது அங்கே வெகுவாகப் பொருந்துகிறது. ஆனால் அதன் தாங்குதிறன் செராடோவில் உருவானதன்று; கொண்டுவந்து விதைத்தபோதே அதனிடம் இருந்தது. இப்போது பயன்படுவது ஒன்று, எதற்காகத் தேர்வானதோ அது மற்றொன்று. இந்த வேறுபாட்டை 1982-இல் ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வர்பாவும் வலியுறுத்தினர். பொருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகவே அந்த இடத்துக்கென வகுத்த நோக்கம் இருந்ததாகக் கொள்வது பிழை.

மண்ணைப் பற்றிய மதிப்பீடும் இதனால் திருந்துகிறது. பணி என்று ஒன்று இருந்தால்தான் அதில் தவறுவது என்பதும் இருக்கும். வேர் நீளாமல் நின்றால் வேரின் பணி தவறிற்று எனலாம். மண்ணுக்குத் தேர்வு வரலாறு இல்லாததால் மண் தவறிற்று என்பதற்கு இடமில்லை. கோதுமைக்குக் கெட்ட நிலம் தேயிலைக்கு ஏற்ற நிலம். சுண்ணாம்பு இட்டு மண்ணை மாற்றுவதா, தாங்கும் ரகத்தை விதைப்பதா என்பது செலவும் தேவையும் தீர்மானிக்கும் கேள்வி; மண்ணின் குற்றத்தைத் திருத்துவது அன்று.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. வேறுபாடும் மரபும் இருந்தால் பொருத்தம் எப்படி விளையும் என்பதைத் தேர்வு விளக்குகிறது. விதிகளும் மரபும் கொண்ட உலகம் ஏன் இருக்கிறது என்பதை அது விளக்குவதில்லை. மெய்கண்டார் உலகம் முழுவதற்கும் கேட்ட வினைமுதல் பற்றிய கேள்வியைக் கோதுமையின் ஒரு மரபணு தொடுவதில்லை. அது தன் வாதங்களாலேயே நிற்கவோ விழவோ வேண்டும். ஒரு வேரின் பொருத்தத்தை மட்டும் காட்டி வகுத்தவன் ஒருவனை நிறுவும் வாதத்துக்குத்தான் பழைய வலிமை இல்லை. வேர் எண்ணுவதில்லை, ஆயினும் அதன் பணி கற்பனையும் அன்று. அலுமினியத்தால் மாண்ட வேர்களுக்கும் மாளாத வேர்களுக்கும் இடையே, சந்ததி சந்ததியாக நிகழ்ந்த தெரிவே அந்தப் பணியின் மெய்ம்மை.