மூச்சுக்கு உண்டோ குலமும் கோத்திரமும்?

கோட்டூர்புரத்தில் பொழுது புலரும் வேளை. மர நிழல் படர்ந்த தெருவில், மாடிக் கூடம் ஒன்றில் பாய்கள் விரிக்கப்படுகின்றன. குத்துவிளக்குச் சுடர் விடுகிறது, ஊதுவத்தி மணக்கிறது, வடமொழிச் சுலோகம் ஒலிக்கிறது. மோட்டாரில் வந்திறங்கிய கனவான்களும் சீமாட்டிகளும் கண்மூடி அமர்ந்து, உலகம் முழுவதும் நலம் பெற வேண்டும் என்று வேண்டிக் கொள்கின்றனர்.

நல்ல வேண்டுதல்தான். ஆனால், சற்று முன்னர் அதே கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாளே ஒரு தாய், வாரியக் குடியிருப்பிலிருந்து வருபவள், ஐந்து வீட்டுத் தரையைக் குனிந்து குனிந்து துடைத்து முதுகு தேய்ந்தவள், அவளும் அந்த உலகத்தில் அடக்கம்தானா? அவளுக்கு அங்கே ஒரு பாய் உண்டா?

"நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே! கதவு திறந்துதானே இருக்கிறது?" என்பர். உண்மைதான், தடைப் பலகை ஏதும் தொங்கவில்லை. ஆயினும் கட்டணம் ஒரு தாழ்ப்பாள். விளங்காத மொழி மற்றொரு தாழ்ப்பாள். 'இது நம்மவர்க்கு உரியதன்று' என்று நெஞ்சில் ஊறிய அச்சம் மூன்றாம் தாழ்ப்பாள். மூன்றையும் பூட்டி வைத்துவிட்டு, கதவு திறந்திருப்பதாகச் சொல்வதிலே பொருள் என்ன?

தாழ்ப்பாள் இருந்ததும் உண்டு, திறந்ததும் உண்டு என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அடையாற்றைக் கடந்தால் மந்தைவெளி. அங்கே, 1976இல் தேசிகாசாரால் நிறுவப்பட்ட கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இருக்கிறது. அப்பெயருக்கு உரிய கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்து வந்தவர். 1930களில் ஐரோப்பிய மாது ஒருவர் அவரிடம் மாணவியாகச் சேர விரும்பி வந்தார். பெண், அதிலும் அயல்நாட்டவர், ஆசிரியர் இசையவில்லை. மைசூர் மன்னர் பரிந்துரைத்த பின்னரே இணங்கினார். இந்திரா தேவி என்று பெயர் பூண்ட அம்மாதுதான் பின்னாளில் ஹாலிவுட் நகரில் யோகக் கூடம் திறந்து, மேலைநாட்டு மக்களுக்கு அக்கலையை அறிமுகம் செய்தவர்களுள் முன்னணியில் நின்றார். 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த அந்த ஆசிரியரும், ஆளுக்கும் அகவைக்கும் நோய்க்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றித் தருவதில் பெயர் பெற்றார்.

வைதிக வழியில் ஊறியவர் அவர். அவரே ஆளுக்கேற்ப முறையை மாற்றினார். மாற்றியதால் கலை மாசுபட்டதா? மாறாக, வளர்ந்தது! அந்த மாதுக்குப் பரிந்து பேச ஒரு மன்னர் இருந்தார். கூடம் பெருக்கும் நம் தாய்க்குப் பரிந்து பேச யார் இருக்கிறார்?

"பண்பாட்டுக்கு மரியாதை வேண்டாவா?" என்று சிலர் சீறுவர். வேண்டும், தோழர்களே! ஆனால் எது மரியாதை? கனடா நாட்டு ஒட்டாவா பல்கலைக்கழகத்தில், உடற்குறை உள்ள மாணவர்க்கெனக் கட்டணமின்றி நடந்துவந்த யோக வகுப்பு 2015இல் நிறுத்தப்பட்டது. அடக்குமுறைக்கு ஆளான ஒரு பண்பாட்டின் உடைமையை அயலார் கையாள்வது தகுமா என்ற தயக்கம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். நேர்ந்தது என்ன? பண்பாட்டைக் காக்கிறோம் என்ற பெயரில், கால் வழங்காதவனும் கை வழங்காதவனும் பாயை இழந்தார்கள். மனிதனை வெளியே நிறுத்திவிட்டுப் பண்பாட்டுக்குச் செய்யும் மரியாதை, எவருக்குப் பயன்பட்டது?

இங்கேயோ கதை தலைகீழ். 2014 டிசம்பரில் ஐ.நா. பேரவை யோகா நாளை அறிவித்தது. 2015 ஜூன் 21 அன்று அது முதன்முறை கொண்டாடப்பட்டது. அப்போது, சூரிய வணக்கமும் ஓங்காரமும் எம் சமயத்துக்கு ஒவ்வா என்று முஸ்லிம் அமைப்பினர் எடுத்துரைத்தனர். இந்த மண்ணில் பிறந்த குடிமகன், தன் முழங்காலை மடக்குமுன் தன் மனச்சான்றை மடக்க வேண்டுமா? ஓதுகிறவர் ஓதட்டும், ஓதாதவர் மூச்சை எண்ணட்டும். இருவர் நுரையீரலுக்கும் ஒரே காற்றுதான்.

மேலும், இந்தக் கலை ஒரு குலத்தின் தனிச்சொத்து என்பதை வரலாறே ஒப்பவில்லை. பதஞ்சலியின் ஏறத்தாழ 195 நூற்பாக்களில் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றே. தமிழிலே திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கே ஒதுக்கினார். 16ஆம் நூற்றாண்டில் குவாலியர் முகமது கௌஸ் என்ற சூஃபி, யோக முறைகளைப் பாரசீக மொழியில் 'பஹ்ருல் ஹயாத்' என்னும் நூலாகத் தந்தார். ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை என்று பலர் போற்றும் சூரிய வணக்கம், இன்று நாம் காணும் உடற்பயிற்சி வடிவிலே பரவியது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். அதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஔந்து சமஸ்தான மன்னர். பல கைகள் பிசைந்த மாவு இது. ஒரு கை மட்டும் உரிமைப் பட்டயம் எழுதிக் கொள்வது எந்த நியாயம்? இந்த வரலாற்றை மறைக்காமல் சொல்வதுதான் பண்பாட்டுக்குச் செய்யும் மெய்யான மரியாதை.

நம் இளைஞருக்கும் ஒரு சொல். ஊதுவத்திப் புகையைக் கண்டதும் முழுவதுமே மூடத்தனம் என்று முகம் திருப்பிக் கொள்வது எளிது. அது பகுத்தறிவன்று, பகுத்தறியச் சோம்பல்! நீட்டிய தசை இளகுவதும், சீரான மூச்சு பதற்றத்தைத் தணிப்பதும் எவரும் தம் உடலிலே சோதித்துப் பார்க்கக் கூடியவை. எல்லா நோயும் தீரும் என்று எவனேனும் விளம்பரம் செய்தால், அவனிடம் சான்று கேள். பதரைத் தூற்று, நெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடாதே.

ஆகவே, கேட்கத் தக்கவை இவையே. பயிற்சிச் சொற்கள் தமிழிலும் ஒலிக்கட்டும். வழிபாடு விரும்புவோர்க்கு மட்டும் இருக்கட்டும். பருத்தவரையும் முதியவரையும் மாற்றுத்திறனாளியையும் நகைக்காமல், நாற்காலியில் அமர்ந்தபடியே பயிலக் கற்றுத் தரட்டும். வாரத்தில் சில நாளேனும் கட்டணமில்லா வகுப்பு நடக்கட்டும்; அதுவும் உழைப்பவர் ஓய்ந்திருக்கும் நேரத்தில். இதற்கு மாடிக் கூடம்தான் வேண்டும் என்பதில்லை. மாநகராட்சிப் பள்ளியின் திண்ணையும் போதும்.

கோட்டூர்புரத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கேதான் நிமிர்ந்து நிற்கிறது. புத்தகத்தைத் தொடுமுன், உன் குலம் என்ன, உன் கடவுள் யார் என்று அங்கே கேட்பார் இல்லை. அறிவுக்கு அமைந்த அந்த நெறி, உடல் நலத்துக்கு மட்டும் அமையாதா?

இளைஞனே! அடுத்த முறை அத்தகைய கூடம் ஒன்றில் நீ காலடி வைத்தால், விளக்கு எத்தனை முகம் என்று எண்ணாதே. அதைப் பெருக்கியவளுக்குப் பாய் உண்டா என்று கேள். இல்லையென்றால், உன் பாயை அவளுக்கு விரித்துக் கொடு. உலக நலம் பற்றிய பேச்சை அதன் பிறகு பேசலாம்.