கையில் இரண்டு ஏஸ் இருந்தும்

போக்கர் ஆட்டத்தில் முதலில் கிடைக்கும் இரண்டு சீட்டும் ஏஸ் என்றால் அதைவிட நல்ல கை கிடையாது. எதிரில் ஒரே ஆள், அவர் கையில் எந்தச் சீட்டு இருந்தாலும், சராசரியாக 100 தடவைக்கு 85 தடவை ஜெயிப்பது நீங்கள்தான். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு, "நான் வரலப்பா" என்று சீட்டைக் கவிழ்த்து வைப்பது எப்போதாவது சரியாகுமா?

பதில் சொல்லும் முன் ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் ஆசிரியர் குழு அண்ணன்மார்கள் இந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவார்கள். காசு வைத்து ஆடுவதை நான் ஆதரிக்கவில்லை. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 94ஆவது. எங்கள் விடுதியில் ஆடுவது வெறும் பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து. தோற்றவன் மேகி சமைத்த சட்டியைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. 'சேட்டிலைட்' என்று ஒருவகைப் போட்டி உண்டு. அதில் பரிசு என்பது இன்னொரு பெரிய போட்டியில் உட்கார ஓர் இடம். 10 இடம், 11 பேர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் அதே இடம்தான். பதினோராவது ஆளுக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் வில்லைகள் தாராளமாக இருக்கின்றன. மூலையில் ஒருவரிடம் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகப் போடவேண்டிய வில்லைகளே அவரை இன்னும் இரண்டு மூன்று ஆட்டத்தில் முடித்துவிடும். இந்த நேரத்தில், மேசையிலேயே அதிக வில்லை வைத்திருப்பவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறார். உங்கள் கையில் இரண்டு ஏஸ்.

ஈடு கட்டி இறங்கினால் 85 விழுக்காடு ஜெயம். ஜெயித்து என்ன கிடைக்கும்? எப்படியும் கிடைக்கப்போகிற அதே இடம். தோற்றால் (ஏறக்குறைய ஏழு தடவையில் ஒரு தடவை அது நடக்கும்) வெறுங்கையோடு வீட்டுக்கு. கவிழ்த்து வைத்தாலோ, 100க்கு 98 தடவை இடம் உறுதி என்று வைத்துக்கொள்ளலாம். 85 பெரிசா, 98 பெரிசா?

ஆனால் இதை விடுதியில் சொல்லிப் பாருங்கள். "டேய், ஏஸ் ஜோடிய கவுத்து வைக்கிறவன் எதுக்குடா ஆட வர்ற?" என்று என் அறைத் தோழன் சண்டைக்கே வந்துவிட்டான். கணிதத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். கணக்கு புரியாமல் இல்லை. கையில் இவ்வளவு பலம் இருக்கும்போது அதைக் காட்டாமல் விடுவது அவனுக்கு அவமானமாகப் படுகிறது. வீட்டில் அப்பாவோடு நடக்கிற வாக்குவாதத்திலும் இதே கதைதான். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், கடைசிவரை போய் நிரூபித்தால்தான் தூக்கம் வரும். ஜெயித்தால் புதிதாக என்ன கிடைக்கும் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. சாதாரண ஆட்டத்தில் இரண்டு ராஜா வந்தவுடன், "யாருகிட்டயாச்சும் ரெண்டு ஏஸ் இருந்தா?" என்று நடுங்கிக் கவிழ்க்கிறவர்கள் உண்டு. 9 பேர் உட்கார்ந்த மேசையில் மற்ற 8 பேரில் ஒருவரிடம் அது இருக்க வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு. (மிச்சம் 50 சீட்டில் இரண்டை எடுக்க 1,225 வழி, அதில் ஏஸ் ஜோடி 6, எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.) அந்த 4க்குப் பயந்து 96ஐத் தூக்கிப் போடுவதை விவேகம் என்று சொல்லமாட்டேன். அது பயம்தான், விபூதி பூசிக்கொண்டு நிற்கிறது.

கீதையை இங்கே இழுக்காமல் இருக்கமுடியவில்லை. பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னதை நம்மில் பலர் "கணக்கெல்லாம் பார்க்காதே, இறங்கு" என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது போக்கர் மேசையில் வேறுமாதிரி விளங்கியது. முடிவெடுக்கும் முன் பலனை எடைபோடத்தான் வேண்டும். எடுத்தபிறகு விழுகிற சீட்டு நம் கையில் இல்லை. நீங்கள் ஏஸைக் கவிழ்த்து வைத்தபின், எதிராளி சிரித்துக்கொண்டே 7ஐயும் 2ஐயும் காட்டினால் வயிறு எரியும். எரியட்டும். அதனால் எடுத்த முடிவு தப்பாகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு இறங்கி ஜெயித்தவனுக்கும் அந்த ஜெயம் சான்றிதழ் ஆகாது.

என்னை உண்மையில் உறுத்துவது தருமர். முதல் சூதாட்டத்தில் எல்லாம் போனது நமக்குத் தெரியும். அதன்பின் பாஞ்சாலி பெற்ற வரங்களால் பாண்டவர்களுக்கு விடுதலை. திருதராட்டிரர் நாட்டையும் செல்வத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சேட்டிலைட் கணக்கில் சொன்னால், இடம் உறுதியாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போது வழியில் ஆள் வந்து மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். ஒரே ஆட்டம். தோற்றவர்களுக்கு 12 வருடம் காடு, 1 வருடம் மறைந்து வாழ்தல். தருமர் திரும்பிப் போனார்.

சமய வகுப்பில் இதைக் கேட்டேன். "கூப்பிட்டா மறுக்கிறதில்லைங்கிறது அவர் விரதம். அதோட பெரியப்பா கட்டளை. அதைத் தட்டினா அவர் தருமரா இருக்க முடியுமா, தம்பி?" என்றார் ஆசிரியை. லேசான பதில் இல்லை அது. சொன்ன சொல்லை வசதிக்கேற்ப மாற்றுகிறவனை நானும் நம்பமாட்டேன். ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, டீச்சர். போக்கரில் நான் நடுவில் தள்ளுவது என் வில்லைகளை. தோற்றால் எழுந்து போவதும் நான் ஒருவன்தான். தருமர் அன்று தன் விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டார். காட்டுக்கு நடந்தவர்களில் நான்கு தம்பிகளும் பாஞ்சாலியும் இருந்தார்கள். அந்த விரதம் அவர்களுடையதா? அடுத்த ஞாயிறு வகுப்பில் இதையே மறுபடி கேட்கப்போகிறேன்.