நகையும் வினையும்

நகையும் 9 நோகஷாயங்களுள் ஒன்று. வாய்மை விரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் 5 பாவனைகளுள் நகையை விடுதலும் உண்டு. அங்ஙனமாயின், மக்களை வளர்த்து, முதிய பெற்றோரையும் தாங்கும் நடுவயதினராகிய நாம் நகைக்கவே கூடாதோ?

கதிரவன் மறையுமுன் உண்ட தந்தையார், மறைந்தபின் "உண்ணவில்லை" என்கிறார்; உண்ணாத மகனோ விளையாட விரைந்து "உண்டேன்" என்கிறான். இடையே கரண்டியும் கையுமாக நாம் நிற்கிறோம்!

தந்தையாரின் மறதியை எள்ளி நகைத்தால் புதுவினை கட்டுகிறோம். "எல்லாம் நம்மாலேயே நடக்கிறது" என்னும் நம் செருக்கைக் கண்டு நகைத்தாலோ, மானமும் குரோதமும் ஆகிய கஷாயங்கள் தளர்கின்றன. அந்நகையும் வினையின் உதயமே. ஆயினும் பிறர் நெஞ்சைப் புண்படுத்தாதது. இன்று மறந்தவரே அன்று நமக்கு ஊட்டியவர் என்பதை நினைந்து, சினமின்றி அவரருகே அமர்வோமாக. அறம் வளர்க!