தூக்கியெறிந்த சீட்டும் சாட்சி சொல்லும்

எகிப்து என்றதும் ஃபிர்அவ்ன்களின் பிரமிடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. பெயர் நிலைக்க வேண்டுமென்று எழுப்பப்பட்டவை அவை. அந்நாட்டின் செங்கடற்கரையிலுள்ள குஸைர் அல் கதீம் என்னும் பாழடைந்த துறைமுகத்தில் கிடைத்தவையோ வேறு. 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, ரோமர் காலத்து மண்ணில் 'கண்ணன்', 'சாத்தன்' என்று நம் தமிழ்ப் பெயர் கீறிய பானை ஓடுகள் வெளிப்பட்டன!

அதே இடத்தில், ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷேக் அபூ முஃபர்ரிஜ் என்ற வணிகரின் வீட்டில் அரபுக் கடிதங்களும் சரக்குச் சீட்டுகளும் கிடைத்தன. இவ்வளவு கோதுமை, இவ்வளவு மாவு, இன்னாரிடம் சேர்க்கவும் என்ற சங்கதிகள்தாம். வேலை முடிந்ததும் வீசப்பட்டவை. எழுநூறு ஆண்டுகள் கழித்து அறிஞர்கள் அவற்றைப் படிப்பார்களென எழுதியவர்கள் எண்ணியிருப்பார்களா?

மனிதனை இன்னானென்று காட்டுவது எது? அவன் பார்வைக்கு வைப்பதா, வீசி எறிவதா? ஆவடியிலோ அம்பத்தூரிலோ கடை வைத்திருக்கும் சகோதரரின் பெயர்ப்பலகையில் '786' அழகாக இருக்கலாம். அவரை அறியக் கடன் சிட்டையையும் தராசையுமல்லவா பார்க்க வேண்டும்? பூந்தமல்லி மண்டபத்தில் ஆடம்பரமாக நிக்காஹ் நடத்திய நாம், தேகசா கழுவியவருக்குக் கூலியைக் குறையாமல் கொடுத்தோமா?

"சின்னக் கணக்குதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறோம். குஸைரின் மண் பேசுவதற்கு மண்வெட்டி தேவைப்பட்டது. பூமி தன்மீது நடந்ததையெல்லாம் அறிவிக்கும் அந்த நாளில், எவரும் தோண்ட வேண்டியிராது. இன்றிரவே நம் சிட்டையை ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக.